நிக்கோபார்த் தீவின் தந்தை

வங்கக் கடலின் நடுவே, போர்ட் பிளேருக்குத் தெற்கே, கார் நிக்கோபார் என்றொரு தட்டையான தீவு உண்டு. கரையெங்கும் தென்னை. அத்தீவு மக்கள் தந்தையெனப் போற்றும் பெரியவரைத் தமிழ் மாணவர் அறிந்திருத்தல் வேண்டும். அவர் சிறுவனாக எழுத்துப் பயின்றது ஒரு தமிழரிடம்!

1884-இல் மூஸ் என்னும் ஊரில் பிறந்த அவருக்கு ஹாச்செவ்கா என்பது பெயர். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வூரில் பள்ளி நடத்தி வந்தார் வேதப்பன் சாலமன். அங்கே பயின்ற சிறுவன் பின்னர் பர்மாவின் மாந்தலே நகரில் கல்வி கற்று, ஜான் ரிச்சர்ட்சன் என்ற பெயருடன் 1912-இல் ஆசிரியராகத் தீவு திரும்பினார்.

நகரத்தைக் கண்டு வந்த இளைஞர் தம் மக்களின் வாழ்வை எள்ளி நகையாடினாரா? இல்லை. அவ்வாழ்வு எத்தகையது என்பதை நாமும் அறிய வேண்டும்.

அங்கே நிலம் தனி ஒருவனுக்குச் சொந்தமன்று. துஹெத் எனப்படும் பெருங்குடும்பத்துக்கே உரியது. தென்னந்தோப்பு, பன்றிகள், படகு அனைத்தும் பொது. குடும்ப மூத்தவர் பங்கீட்டைக் கவனிப்பார். காய் பறிப்பதும், கொப்பரை உலர்த்துவதும், பன்றிக்குத் தேங்காய் இடுவதும், கிழங்குத் தோட்டம் பேணுவதும் அன்றாட வேலைகள். அரிசிக்கும் துணிக்கும் தேங்காயே நாணயமாயிற்று. மணமான இணையர் மணமகன் வீட்டிலோ மணமகள் வீட்டிலோ, ஆள் தேவைப்படும் பக்கம் சென்று வாழலாம். ஊருக்கும் பொதுவிடம் உண்டு. எல்பனம் என்னும் கடலோர வெளியில் கூடும் மண்டபமும், மகப்பேற்று இல்லமும், இறந்தோரைக் கிடத்தும் இல்லமும் எல்லார்க்கும் உரியனவாய் நின்றன.

ரிச்சர்ட்சன் பலவற்றை மாற்றினார். எழுதப் படிக்கக் கற்பித்தார், 1934-இல் குருவானார், புதிய ஏற்பாட்டைத் தம் மக்களின் மொழியில் பெயர்த்தார். மக்களின் சமயம் மாறியது. ஆனால் துஹெத் குலையவில்லை. பொதுத் தோப்பு பொதுத் தோப்பாகவே நின்றது.

பின்னர் வந்தது போர். 1942 முதல் 1945 வரை தீவு ஜப்பானியர் பிடியில் இருந்தது. ஒற்றர் என்ற பழி சுமத்தப்பட்டுப் பலர் மாண்டனர். ரிச்சர்ட்சன் சிறைப்பட்டார், தம் மகனையும் இழந்தார். துயரத்தில் மூழ்கிக் கிடக்க அவருக்கு நேரமில்லை. சிதைந்த சமூகத்தை மீண்டும் நிமிர்த்தும் பணியில் இறங்கினார். 1950-இல் துணை ஆயரானார். 1952-இல் அந்தமான் நிக்கோபாரின் சார்பில் முதல் மக்களவைக்கு நியமிக்கப்பட்டார். 1956-இல் வந்த பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை, அவர்தம் நிலம் வெளியார் கைக்குப் போகாமல் தடுத்தது. கொப்பரை வாணிகத்தில் நெடுங்காலம் வெளியாரே ஓங்கியிருந்தனர். நாளடைவில் எல்லோன் ஹினெங்கோ போன்ற கூட்டுறவு நிறுவனங்கள் மக்களுடையவையாய் எழுந்தன. பொதுவுடைமையில் பழகிய மக்களுக்குக் கூட்டுறவு புதுப் பாடமா?

1966-இல் ஆயர் பதவி ஏற்றவரை 1975-இல் பத்மபூஷண் சிறப்பித்தது. 1978-இல் மறைந்தார்.

26-12-2004 அன்று ஆழிப்பேரலை அத்தீவின் கரையூர்களை அழித்தது. மூஸும் தப்பவில்லை. நிவாரணப் பணமும் புதிய வீடுகளும் சிறு குடும்பம் சிறு குடும்பமாகப் பிரித்து அளிக்கப்பட்டன. அலை தோப்பைத்தான் அழித்தது. உதவியின் முறையோ பெருங்குடும்பத்தின் கட்டையே தளர்த்தியது. நல்லெண்ணத்தோடு செய்ததுதான், ஆயினும் அம்மக்களைக் கேட்டல்லவா செய்திருக்க வேண்டும்?

தோழர்களே! பிறருக்கு உதவப் புறப்படும் கற்றவர்கள் நாம். ரிச்சர்ட்சனும் கற்றவர்தாம். தம் மக்களுக்கு எதைக் கொண்டு வருவது என்று அறிந்தார். எதைத் தொடாமல் விடுவது என்றும் அறிந்தார். அந்த இரண்டாவது அறிவு நமக்கும் வாய்க்கட்டும்.