அடியார்க்கு வழி செய்த அப்பர் சுவாமிகள்

சைவர் போற்றுவது இறைவன் திருவடி. அத்திருவடியை நாடி நடக்கும் அடியாரின் கால்களைப் பேணுவதும் தொண்டேயென வாழ்ந்து காட்டியவர் திருநாவுக்கரசு சுவாமிகள். 1852ஆம் ஆண்டிலே நம் நல்லூர் ஆறுமுக நாவலர் பெரியபுராணத்தை வசனமாக்கி வெளியிட்ட நாள்தொட்டு, யாழ்ப்பாணத்துச் சைவ இல்லங்களிலே படிக்கப்பட்டுவரும் சரித்திரம் இது.

ஏழாம் நூற்றாண்டிலே, திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரிலே, புகழனாருக்கும் மாதினியாருக்கும் பிறந்தவர் மருணீக்கியார். இளமையிலே பெற்றோரை இழந்து, தமக்கையார் திலகவதியாரின் அரவணைப்பில் வளர்ந்தார். சமணஞ் சார்ந்து தருமசேனரானார். சூலைநோய் வருத்த, திருவதிகைக்கு வந்து தமக்கையாரின் அடிகளிலே வீழ்ந்தார். அம்மையார் திருநீறளித்துக் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். பதிகம் பாட நோய் நீங்கிற்று. நாவுக்கரசர் என்னும் நாமமுங் கிடைத்தது.

அதன்பின் அவர் கையை விட்டு உழவாரம் அகன்றதில்லை. கோயில் வீதிகளிலே புல்லையும் முள்ளையுஞ் செதுக்கினார். வலம்வருவோர் காலிலே நெருஞ்சி தைத்தால், மனம் இறைவனிடத்து நிற்குமோ? திருப்புகலூரிலே மண்ணோடு பொன்னும் மணியும் மின்னியபோது, அவற்றையுங் கல்லெனக் கருதி வாவியிலே எறிந்தார். சோழநாட்டு நல்லூரிலே இறைவன் தம் திருவடியை அவர் சென்னிமேற் சூட்டியருளினார். திருவடி சூடிய அப்பெருமானே, திருப்பூந்துருத்திக்கு எழுந்தருளிய சம்பந்தரின் சிவிகையைத் தோள்மேல் தாங்கிவந்தார்.

முதிர்ந்த வயதிலே கயிலை காண விழைந்து வடக்கு நோக்கி நடந்தார். பாதங்கள் பரடுவரை தேய்ந்தன, கைகளால் ஊர்ந்தார், கைகளுந் தேய, மார்பினால் நகர்ந்தார், பின்னர் புரண்டார். முனிவர் வடிவிலே தோன்றிய இறைவன் தேய்ந்த உறுப்புக்களை முன்போலாக்கி, வாவியொன்றிலே மூழ்கச் செய்து, திருவையாற்றிலே எழுந்து கயிலைக் காட்சி காண அருளினார். அன்பின் எல்லையை அடியார் காட்டினார். அவ்வன்பை ஏற்ற இறைவனோ, தேய்ந்த கால்களை மீட்டுக் கொடுத்தார். மேலும் பல தலங்களுக்கு நடக்கவும், உழவாரம் ஏந்தவும் அக்கால்கள் வேண்டியிருந்தனவன்றோ! எண்பத்தொரு வயதிலே, சித்திரைச் சதயத்திலே, திருப்புகலூரில் சிவனடி சேர்ந்தார்.

நம் நாட்டிலே நல்லூர்த் திருவிழா 25 நாளும் வெறுங்காலுடன் வருவோர் பலர். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமம்வரை நடப்போரும் உளர். அவர்களுள் நீரிழிவுடையோர் சிலருக்குப் பாதவுணர்ச்சி குன்றியிருக்கும். சுடுமணல் சுடுவதும் முள் தைப்பதும் தெரியா. தெரியாத புண் முற்றிக் காலையே இழக்கச் செய்தலும் உண்டு. அத்தகையோர் சூடேறிய மணலில் வெறுங்காலுடன் நடத்தல் ஆகாது. இரவிலே பாதங்களைக் கழுவி, விரலிடுக்கின் ஈரந் துடைத்து, உள்ளங்காலைப் பார்த்தல் வேண்டும். தம்மால் இயலாதாயின் வீட்டார் பார்த்தல் நன்று. புண் கண்டால் வைத்தியரிடஞ் செல்லத் தாமதித்தல் கூடாது. இதனை நேர்த்திக்குக் குறைவென்று எவரும் எண்ணற்க.

சங்கத்து வாலிபர்களே, உழவாரம் உங்கள் கைக்கு உரியது. வீதியிலே முள்ளும் கண்ணாடித் துண்டும் பொறுக்குங்கள். வெயிலிலே மணலுக்கு நீர் தெளியுங்கள். முதியோரின் பாதங்களைப் பார்த்துப் பேணுங்கள். இத்தொண்டிலே நாம் தளராதிருக்க நல்லூர்க் கந்தன் திருவருள் புரிவானாக.