யார் இந்த மேரி ஆன் நிக்கல்ஸ்?

ஜாக் தி ரிப்பர் பற்றி நீங்க கேள்விப்பட்டிருப்பீங்க. அவன் கொன்றதாகக் கருதப்படும் 5 பெண்களில் முதலாமவர் பெயர் தெரியுமா?

மேரி ஆன் நிக்கல்ஸ். 1845இல் லண்டனில் பிறந்தவர். அச்சுத் தொழிலாளி ஒருவரை மணந்தார், 5 பிள்ளைகள். 1880களின் தொடக்கத்தில் குடும்பம் பிரிந்தது. மது, ஏழைகள் இல்லம் என்று நாள்கள் ஓடின. 1887இல் டிராஃபல்கர் சதுக்கத்தில் திறந்தவெளியில் படுத்தார்.

1888 ஆகஸ்ட் 31. பிறந்தநாள் முடிந்து 5 நாள்தான் ஆகியிருந்தது. நள்ளிரவுக்குப் பிறகு, படுக்கைக்கான 4 பென்ஸ் இல்லாததால் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார். விடியுமுன் ஒயிட்சேப்பல் தெருவொன்றில் கொலையுண்டு கிடந்தார். வயது 43.

கொலைகாரன் யார்? இன்னும் தெரியாது. ஆனா அந்நேரத்தில் அவர் ஏன் தெருவில் இருந்தார் என்பது தெரியும். அன்றிரவு அவருக்குப் படுக்க இடமில்லை.