அவகாட்ரோ: எண்ணாமலே எண்ணக் கற்றுத் தந்தவர்

கல்லூரியில் வேதியியல் வகுப்புக்குள் காலடி வைத்த எவரும் அவகாட்ரோ என்னும் பெயரைக் கேட்காமல் வெளியே வந்திருக்க முடியாது. அவர் பெயரால் வழங்கும் எண்ணை நாம் எல்லோரும் மனப்பாடமாய் ஒப்புவித்திருக்கிறோம். ஆனால் அந்தப் பெயருக்குரிய மனிதர் யார், எப்படி வாழ்ந்தார் என்று நம்மில் பலர் தேடிப் பார்த்ததில்லை. முதற் பருவத் தேர்வில் மோல் கணக்கு என்னைக் கவிழ்த்துவிடும் வரை நானும் தேடியதில்லை.

அமேடியோ அவகாட்ரோ 1776-ஆம் ஆண்டு ஆகஸ்டு 9-ஆம் நாள் இத்தாலியின் வடமேற்கிலுள்ள டூரின் நகரில் பிறந்தார். பிரபு குடும்பம். தலைமுறை தலைமுறையாகச் சட்டம் படித்தவர்கள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அவர் வீட்டிலோ படிக்காதவரைத் தேடத்தான் வேண்டும் போலும். குடும்ப வழக்கப்படி அவரும் சட்டமே பயின்று, 1796-இல் டாக்டர் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது இருபது. அதாவது, இன்று என் வயது.

சட்டத்தில் அவர் மனம் ஒட்டவில்லை. 1800-ஆம் ஆண்டு வாக்கில் கணிதத்தையும் இயற்பியலையும் தாமாகவே படிக்கத் தொடங்கினார். பின்னர்த் தம் தம்பி ஃபெலிசேயுடன் சேர்ந்து மின்சாரம் பற்றி ஓர் ஆய்வுரை எழுதி டூரின் அறிவியற் கழகத்தில் அளித்தார். 1809-இல் வெர்செல்லி என்னும் சிற்றூரின் கல்லூரியில் பேராசிரியரானார். பாரிசும் இலண்டனும் பெரிய விஞ்ஞானிகளால் நிறைந்திருந்த காலம் அது. வெர்செல்லியை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? அங்கிருந்துதான் 1811-இல், பிரெஞ்சு மொழியில், அந்தக் கட்டுரை வெளிவந்தது.

அதன் அருமை விளங்க வேண்டுமானால் அன்றைய சிக்கலைச் சற்றே பார்க்க வேண்டும். வாயுக்கள் சேரும்போது அவற்றின் பருமன்கள் எளிய முழு எண் விகிதத்தில் அமைகின்றன என்று கே-லுசாக் 1808-இல் கண்டறிந்தார். இரண்டு பங்கு ஹைட்ரஜனும் ஒரு பங்கு ஆக்சிஜனும் சேர்ந்தால் இரண்டு பங்கு நீராவி கிடைக்கும். இப்போது கணக்குப் போடுங்கள். சம பருமனுள்ள வாயுக்களில் சம எண்ணிக்கையில் துகள்கள் இருந்தால், ஒரு பங்கு ஆக்சிஜனில் இருந்த துகள்களைப் போல் இரு மடங்கு துகள்கள் நீராவியில் இருந்தாக வேண்டும். ஒவ்வொரு நீர்த் துகளிலும் ஆக்சிஜன் உண்டு. அப்படியானால் ஒவ்வோர் ஆக்சிஜன் துகளும் இரண்டாகப் பிளந்திருக்க வேண்டும். அணுவைப் பிளக்க முடியாது என்று சொன்ன டால்டன் இதை ஏற்பாரா? கே-லுசாக்கின் அளவைகளையே அவர் நம்ப மறுத்தார்.

அவகாட்ரோ இருவரையும் காப்பாற்றினார். பிளந்தது அணு அன்று, மூலக்கூறு என்றார். ஆக்சிஜன் வாயுவில் அணுக்கள் தனித்தனியே இல்லை, இரண்டிரண்டாய்ப் பிணைந்திருக்கின்றன. ஆகவே ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம பருமனுள்ள எல்லா வாயுக்களிலும் சம எண்ணிக்கையில் மூலக்கூறுகள் உள்ளன. இதிலிருந்து இன்னொரு நன்மையும் பிறந்தது. இரு வாயுக்களைச் சம பருமனில் எடுத்து நிறுத்துப் பார்த்தாலே அவற்றின் மூலக்கூறுகளின் எடை விகிதம் கிடைத்துவிடும். ஆக்சிஜன் மூலக்கூறு ஹைட்ரஜன் மூலக்கூறைவிட ஏறக்குறைய 15 மடங்கு கனமானது என்று அவர் கணித்தார். இன்று நாம் அறிந்தது 16. அக்காலத்து அடர்த்தி அளவைகளின் குறை அது, கருத்தில் குறையில்லை.

இந்த இடத்தைப் படித்தபோதுதான் எனக்கு மோல் பிடிபட்டது. என் தந்தையார் வெற்றிலைக் கொடிக்காலில் கூலிக்குச் செல்பவர். எங்கள் பக்கம் நூறு வெற்றிலை ஒரு கவுளி. இளங்கொழுந்தானாலும் முற்றிய இலையானாலும் கவுளி என்றால் நூறுதான், எடை மட்டும் வேறுபடும். மோலும் அப்படியே. ஒரு மோல் நீர் 18 கிராம், ஒரு மோல் ஆக்சிஜன் 32 கிராம், எண்ணிக்கை ஒன்றே. கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறுகளை எண்ணி எடுக்க நமக்கு வழியில்லை, நிறுத்து எடுக்க வழியுண்டு. கிராமை மோலாக்கி, மோலை எண்ணிக்கையாக்கும் கணக்கெல்லாம் இவ்வளவுதான்.

தேர்வில் நான் செய்த பிழையையும் சொல்லிவிடுகிறேன். 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் 20 மில்லி லிட்டர் எடுத்தால் அதில் எத்தனை மோல் என்பது வினா. மில்லி லிட்டரை லிட்டராக்காமல் பெருக்கி 2 மோல் என்று எழுதினேன். இரண்டு மோல் என்றால் 80 கிராம்! இருபது மில்லி லிட்டருக்குள் அதை எப்படித் திணிப்பது? சரியான விடை 0.002 மோல், வெறும் 0.08 கிராம். விடைத்தாள் கைக்கு வந்த அன்று, படிப்பை விட்டு அண்ணனோடு பனியன் கம்பெனிக்குப் போய்விடலாமா என்றுகூட எண்ணினேன். அந்த வாரத்தில்தான் நூலகத்தில் இவர் வரலாறு கையில் கிடைத்தது.

1811-இல் அவர் சொன்னதை உலகம் கேட்கவில்லை. ஒரே வகை அணுக்கள் ஒன்றோடொன்று சேரா, அவற்றின் மின்தன்மை ஒன்றையொன்று விலக்கும் என்பது பெர்சீலியசின் கொள்கை. அவர் சொல்லுக்கு அன்று அவ்வளவு மதிப்பு. 1814-இல் ஆம்பியரும் இதே கருத்தைத் தாமே கண்டு எழுதினார். அப்போதும் பெரிதாய் ஒன்றும் நடக்கவில்லை. அவகாட்ரோ சண்டைக்குப் போகவில்லை. 1820-இல் டூரின் பல்கலைக்கழகத்தில் கணித இயற்பியல் பேராசிரியரானார். 1821-இல் அங்கே அரசியல் கிளர்ச்சி எழுந்தது, அதன் பின் அந்தப் பதவியே எடுக்கப்பட்டது. 1834-இல்தான் மீண்டும் அங்கு அமர்ந்தார். 1850 வரை பணியாற்றினார். ஃபெலிசிட்டா என்னும் மனைவி, ஆறு பிள்ளைகள், ஓயாத படிப்பு, ஆடம்பரமில்லாத வாழ்க்கை. இடையில் அரசின் எடை அளவைப் பணியிலும் ஈடுபட்டு, பீட்மாண்ட் பகுதியில் மெட்ரிக் முறையைப் புகுத்தினார். அலகு மாற்றத்தில் தவறிய எனக்கு இந்தச் செய்தி தனி மகிழ்ச்சி.

1856 ஜூலை 9-ஆம் நாள் அவர் காலமானார். தம் கருத்து வென்றதைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. நான்கே ஆண்டுகளில், 1860 செப்டம்பரில், ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் வேதியியலார் மாநாடு கூடியது. ஆளுக்கோர் அணு எடையை வைத்துக்கொண்டு அனைவரும் திண்டாடிய நேரம். அசெட்டிக் அமிலத்துக்கு மட்டும் பத்தொன்பது வாய்பாடுகள் வழக்கில் இருந்ததைக் கெக்குலே தம் நூலில் பட்டியலிட்டிருக்கிறார். அங்கே இத்தாலியரான கன்னிசாரோ எழுந்து, அவகாட்ரோவின் கருத்தை ஏற்றால் குழப்பம் முழுதும் தீரும் என்று வாதாடினார். அவர் எழுதிய சிறு நூலின் படிகளை நண்பர் பவேசி வந்தவர்களுக்கு வழங்கினார். படித்துத் தெளிந்தவர்களுள் லோதர் மேயர் ஒருவர். அந்த மாநாட்டில் அமர்ந்திருந்த ருஷ்ய இளைஞர் மெண்டலீஃப், திருந்திய அணு எடைகளைக் கொண்டு 1869-இல் தனிம அட்டவணையை வெளியிட்டார்.

வேடிக்கை என்னவென்றால், அவகாட்ரோ எண்ணை அவகாட்ரோ கணித்ததே இல்லை. மூலக்கூறின் அளவை 1865-இல் முதன்முதலாக மதிப்பிட்டவர் லாஷ்மிட். அந்த எண்ணுக்கு அவகாட்ரோவின் பெயரைச் சூட்டியவர் பிரெஞ்சு விஞ்ஞானி பெரின், ஆண்டு 1909. மோல் 1971-இல் பன்னாட்டு அடிப்படை அலகுகளுள் ஏழாவதாகச் சேர்ந்தது. கார்பன்-12 இன் 12 கிராமில் எத்தனை அணுக்களோ அத்தனை என்பது அன்றைய வரையறை. 2019 மே 20 முதல் அது மாறிவிட்டது. கார்பனின் துணை தேவையில்லை. ஒரு மோல் என்றால் சரியாக 6.02214076 × 10²³ துகள்கள். சீனியரிடம் வாங்கிய பழைய குறிப்பேடு வைத்திருப்பவர்கள் இதை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள்.