இரவல் காரில் வந்த பட்டம்

வள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரம் வைத்தார். ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வைத்தார். எது பெரிது என்ற வழக்கு, தேர்வு முடிவு வரும் நாளெல்லாம் நம் விடுதியில் நடக்கிறது. மதிப்பெண் நமக்கு வந்தால் திறமை. பக்கத்து அறைக்காரனுக்கு வந்தால் அதிர்ஷ்டம்! கார்ப் பந்தய வீரர் ஹுவான் மானுவேல் ஃபாஞ்சியோவின் வாழ்க்கையைப் படித்த பிறகு, இந்த வழக்கில் மூன்றாவது சாட்சி ஒன்றும் உண்டு என்று கண்டேன்.

ஃபாஞ்சியோ 1911-இல் அர்ஜென்டினாவின் பால்கார்சே என்ற ஊரில், இத்தாலியிலிருந்து பிழைக்க வந்த குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே மோட்டார்ப் பட்டறைக்குப் போனார். என்ஜினைப் பிரித்துப் பூட்டியதே அவருடைய கல்வி. ஐரோப்பியக் களத்தில் அவர் பெயர் எடுத்தபோது வயது நாற்பதை நெருங்கியிருந்தது.

1950-இல் மொனாக்கோவில் பந்தயம். முதல் சுற்றிலேயே அவருக்குப் பின்னால் பல கார்கள் மோதிக் குவிந்தன. முன்னணியில் இருந்த அவருக்கு அது தெரியாது. அடுத்த சுற்றில் அந்த இடத்தை நெருங்கும்போது, மக்கள் தம்மைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்ப்பதைக் கவனித்தார். உடனே வேகத்தைக் குறைத்தார், தப்பினார், வென்றார். அதிர்ஷ்டம் என்போமா? கண் திறந்திருந்தவனுக்கு வந்த அதிர்ஷ்டம் அது.

1956-இல் அவர் பெராரி அணியில் இருந்தார். உடன் ஓட்டிய முசோ, காஸ்டெலோட்டி, பீட்டர் காலின்ஸ் எல்லாரும் இளைஞர்கள். எல்லாருக்கும் பட்டத்தின் மேல் ஆசை. ஒருவர் காரை மற்றவர் வாங்கி ஓட்டலாம், புள்ளிகளைப் பாதியாகப் பிரிக்கலாம் என்பது அக்காலத்து விதி. ஃபாஞ்சியோ அர்ஜென்டினாவில் முசோவின் காரையும் மொனாக்கோவில் காலின்ஸின் காரையும் வாங்கி ஓட்டினார்.

கடைசிப் பந்தயம் இத்தாலியில், மோன்சாவில். ஃபாஞ்சியோவின் காரில் ஸ்டீயரிங் பகுதி பழுதாயிற்று. முசோ தம் காரைத் தர மறுத்தார். காலின்ஸுக்கோ பட்டத்துக்கே வாய்ப்பு இருந்தது. பந்தயத்தை வென்று, மிக வேகமான சுற்றையும் ஓட்டினால் அவரே உலக வீரர். ஆயினும் டயர் பார்க்க வந்து நின்றவர், தாமாகவே இறங்கிக் காரைக் கொடுத்தார். தமக்கு 24 வயதுதான், இன்னும் காலம் இருக்கிறது என்பது அவர் எண்ணம். ஃபாஞ்சியோ இரண்டாவதாக வந்து, நான்காம் முறை உலக வீரரானார்.

அப்படியானால் அது இரவல் பட்டந்தானா? 1957-இல் ஃபாஞ்சியோ மசெராட்டி அணிக்கு மாறினார். ஆகஸ்ட் 4-ஆம் நாள் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் களம். டயர் மாற்ற நின்றதில் நேரம் போய், முன்னால் சென்ற இரு பெராரிகளுக்கு முக்கால் நிமிஷத்துக்கு மேல் பின்தங்கினார். சுற்றுக்குச் சுற்றுச் சாதனையை முறித்து, கடைசிக்கு முந்திய சுற்றில் இருவரையும் முந்தினார். அவர்களில் ஒருவர் காலின்ஸ்! அன்று யாரும் கார் கொடுக்கவில்லை. அது ஐந்தாவது பட்டம்; அந்த எண்ணிக்கையை 2003 வரை எவரும் தாண்டவில்லை.

காஸ்டெலோட்டி 1957-இலும், முசோ 1958 ஜூலையிலும் கார் விபத்திலேயே மாண்டனர். காலம் இருக்கிறது என்று நம்பிய காலின்ஸ், 1958 ஆகஸ்ட் 3-ஆம் நாள் அதே நூர்பர்க்ரிங்கில் மடிந்தார், வயது 26. அவ்வாண்டே ஓய்வு பெற்ற ஃபாஞ்சியோ 1995-இல், 84 வயதில் மறைந்தார்.

எனக்கு வயது 23. சென்ற பருவத்தில் ஆய்வுக்கூடத்தில் என் மாதிரி கெட்டுவிட்டது. உடன் ஆய்வு செய்யும் நண்பன், கருவியில் தனக்கு ஒதுக்கியிருந்த நாளை எனக்கு விட்டுக்கொடுத்தான். என் வேலை முடிந்தது. அவன் வேலை இன்னும் முடியவில்லை. எல்லாரும் பாராட்டியபோது, ஏதோ என் நல்ல நேரம் என்று சொல்லிச் சிரித்துவிட்டேன். அவன் பக்கத்தில்தான் நின்றான்.

நான் சொன்ன மூன்றாவது சாட்சி, கொடுத்தவன். ஊழென்றும் உழைப்பென்றும் வழக்காடி அவனை மறந்துவிடுகிறோம். இந்த மலரை அவனும் படிப்பான். நண்பா, அது என் நல்ல நேரம் அன்று. நீ கொடுத்த நேரம்.