காலி உறையோடு மல்லுக்கட்டியவர்: ஜான் கேரண்ட் யார்?

தேசிய சேவை முடித்தவரா நீங்கள்? அப்படியென்றால் சுடுதளத்தில் பயிற்சி முடிந்ததும் நடப்பது மறந்திருக்காது. குனிந்து பித்தளை உறைகளைப் பொறுக்கணும், எண்ணி ஒப்படைக்கணும். கையில் தோட்டாவும் இல்லை, காலி உறையும் இல்லை என்று அறிவித்த பிறகுதான் கிளம்பலாம். வெயிலில் ரொம்ப எரிச்சலான வேலை.

பொறுக்கும்போது ஓர் உறையைத் திருப்பிப் பார்த்திருக்கிறீர்களா? அடிப்பக்க விளிம்பில் கொக்கி கீறிய தடம் இருக்கும். உடம்பில் ஒரு சின்னச் சொட்டை இருக்கலாம், வாய்ப்பக்கம் லேசாக நசுங்கியிருக்கலாம். சுட்ட அந்த நொடியில் துப்பாக்கிக்குள் என்ன நடந்தது என்பது அதில் பதிந்திருக்கிறது.

அந்தப் பித்தளை உறை சேதமில்லாமல் வெளியே வரவேண்டுமே என்று பல வருஷம் போராடிய ஒருவர் இருந்தார். அவர்தான் ஜான் கேரண்ட். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினர் ஏந்திய எம்1 துப்பாக்கியை உருவாக்கியவர்.

நூற்பாலையில் கற்ற ஆங்கிலம்

கேரண்ட் 1888 ஜனவரி 1ஆம் தேதி கனடாவின் கியூபெக் மாநிலத்தில் செயின்ட் ரெமி ஊருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணையில் பிறந்தார். வீட்டில் 12 பிள்ளைகள், பேசும் மொழி பிரெஞ்சு. அம்மா இறந்த பிறகு அப்பா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தார். சிறுவன் நூற்பாலைக்கு வேலைக்குப் போனான். ஆங்கிலமும் அங்கேதான் படிந்தது, இயந்திரங்களின் மேல் ஆசையும் அங்கேதான் வந்தது. வீட்டில் ஒரு மொழி, வெளியில் ஒரு மொழி என்று வளரும் உங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

பிறகு ரோட் ஐலண்டில் கருவிகள் தயாரிக்கும் நிறுவனத்தில் வேலை. பொழுதுபோக்காகச் சுடப் பழகினார், அப்படியே துப்பாக்கி வடிவமைப்பிலும் இறங்கினார். முதல் உலகப் போர்க் காலத்தில் அவர் வரைந்த இயந்திரத் துப்பாக்கி அமெரிக்க அரசாங்கத்தின் கண்ணில் பட்டது. துப்பாக்கி தயாராவதற்குள் போர் முடிந்துவிட்டது. ஆனால் மனிதரை விடவில்லை. 1919இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதத் தொழிற்சாலைக்கு அனுப்பினார்கள். அங்கே அவருக்குக் கிடைத்த பணி: தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி ஒன்று செய்வது.

அதில் என்ன அவ்வளவு கஷ்டம்?

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம். கதையே இதில்தான் இருக்கிறது.

தோட்டாவின் உறை பித்தளை, பெரும்பாலும் 70 விழுக்காடு செம்பு, 30 விழுக்காடு துத்தநாகம். உள்ளே மருந்து, பின்னால் பற்றவைக்கும் சின்னக் குப்பியான பிரைமர், முன்னால் குண்டு. சுட்டதும் உள்ளே ஒரு சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 50,000 பவுண்டு அழுத்தம் எகிறும். பித்தளை உறை பலூன் மாதிரி உப்பி, தோட்டா இருக்கும் அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். வாயு பின்பக்கம் கசியாமல் அடைப்பதே அதுதான். குண்டு வெளியேறி அழுத்தம் விழுந்ததும் உறை கொஞ்சம் சுருங்கி, பிடியை விடும்.

போல்ட்டைக் கையால் இழுக்கும் பழைய துப்பாக்கியில் இது பிரச்சினையே இல்லை. நீங்கள் இழுப்பதற்குள் உறை சுருங்கிவிடும். ஆனால் இழுக்கும் வேலையைத் துப்பாக்கியே செய்தால்? நேரம் தப்பக்கூடாது. சீக்கிரம் இழுத்தால் உறை இன்னும் சுவரைப் பிடித்துக்கொண்டிருக்கும், கொக்கி அதன் விளிம்பைக் கிழித்துவிடும். பலமில்லாமல் இழுத்தால் உறை பாதி வழியில் நிற்கும், பின்னால் வரும் தோட்டா அதன்மேல் போய் முட்டும். இரண்டில் எது நடந்தாலும் படைவீரர் கையில் இருப்பது வெறும் இரும்புக் கம்பிதான். எதிரே ஆள் வரும்போது அதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள்.

கேரண்ட்டின் முதல் வழி கெட்டிக்காரத்தனமானது. சுடும்போது பிரைமர் ஒரு மயிரிழை பின்னால் தள்ளப்படும் அல்லவா? அந்தச் சின்ன உதைப்பை வைத்தே துப்பாக்கியைத் திறக்க வைத்தார். அதாவது உறையின் அடிப்பகுதியே இயந்திரம். வேலையும் செய்தது. ஆனால் 1920களின் நடுவில் ராணுவம் தோட்டாவை மாற்றியது. மருந்து வேறு, பிரைமரும் நகராதபடி இறுக்கப்பட்டது. அவ்வளவுதான், அத்தனை வருஷ உழைப்பும் போச்சு. அவர் செய்த தப்பு ஒன்றுமில்லை!

மெழுகு பூசியவரும் பூசாதவரும்

அவர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். இம்முறை வாயு. குண்டு குழலின் முனையைத் தாண்டும் தறுவாயில் கொஞ்சம் வாயுவைப் பிடித்து, அது தள்ளும் நீண்ட தண்டு ஒன்றால் போல்ட்டைத் திருப்பித் திறப்பது. முனைக்கு அருகில் வாயுவைப் பிடிப்பதால் கொஞ்சம் தாமதம் கிடைக்கும். அதற்குள் அழுத்தம் இறங்கி, உறையும் பிடியை விட்டிருக்கும்.

போட்டிக்கு ஜான் பெடர்சன் இருந்தார். அந்தக் காலத்தின் பெரிய துப்பாக்கி வடிவமைப்பாளர்களில் ஒருவர். அவருடைய துப்பாக்கியில் போல்ட் முழுசாகப் பூட்டாது, உறை அழுத்தத்தில் இருக்கும்போதே நகரத் தொடங்கும். ஒட்டிக்கொள்ளாமல் இருக்க உறைகளுக்கு மெல்லிய மெழுகு பூசினார். நல்ல யோசனைதான், ஆனால் களத்தில் தூசியும் மணலும் இருக்கும், மெழுகு பூசிய தோட்டாவையே நம்பி இருக்கவேண்டும் என்ற கவலையும் இருக்கும். கேரண்ட்டின் துப்பாக்கிக்கு உலர்ந்த தோட்டாவே போதும். என்னைக் கேட்டால் அவர் ஜெயித்த இடம் இதுதான்.

ஆனால் இருவருமே .276 அளவுத் தோட்டாவுக்குத்தான் துப்பாக்கி செய்துகொண்டிருந்தார்கள். 1932இல் ராணுவத் தளபதி டக்ளஸ் மெக்கார்தர் அதை மறுத்தார். கிடங்குகளில் .30 தோட்டாக்கள் ஏராளமாக இருந்தன, அதையே பயன்படுத்தணும் என்றார். நல்லவேளை, கேரண்ட் .30 அளவிலும் ஒரு வடிவத்தை முயன்று வைத்திருந்தார். 1936 ஜனவரியில் அது எம்1 என்ற பெயரில் ஏற்கப்பட்டது.

ஏழாவது தோட்டா

கதை இங்கே சுபமாக முடியவில்லை. குழல் முனையில் மூடி மாதிரி பொருத்தி வாயுவைப் பிடித்த முதல் அமைப்பு தொல்லை கொடுத்தது. கரி படிந்தது, பாகம் ஆடியது. 1940 வாக்கில் அதைத் தூக்கிவிட்டு, குழலிலேயே ஒரு துளை போட்டார்கள். அடுத்து, எட்டுத் தோட்டாவில் ஏழாவது மட்டும் சிக்கும் மர்மம் வந்தது. வடிவமைப்பில் பிழை தேடினால் கிடைக்கவில்லை. பெருமளவு உற்பத்திக்கு வந்த புதிய வெட்டுக் கருவி, உள்ளே தோட்டாவுக்கு வழிகாட்டும் ஒரு சின்ன மேட்டைச் சேர்த்துச் சீவியிருந்தது! கையால் செய்த மாதிரித் துப்பாக்கியில் அது அப்படியே இருந்ததால் யாருக்கும் முதலில் பிடிபடவில்லை. இதற்கிடையில் பத்திரிகைகளில் விமர்சனம், நாடாளுமன்றத்தில் கேள்விகள்.

1941 டிசம்பரில் பரீட்சை வந்தது, அதுவும் நம் வட்டாரத்தில். ஜப்பானியப் படை கோத்தா பாருவில் தரையிறங்கிய அதே நாள்களில் பிலிப்பீன்ஸையும் தாக்கியது. மலாயாவில் இந்தியப் படையினர் கையிலிருந்தது ஒவ்வொரு முறையும் போல்ட்டை இழுக்கவேண்டிய லீ என்ஃபீல்டு. பிலிப்பீன்ஸில் அமெரிக்கப் படையினரிடம் எம்1 இருந்தது. அங்கே தலைமை வகித்தவர் யார் தெரியுமா? .276 வேண்டாம் என்ற அதே மெக்கார்தர்.

எம்1 இருந்தும் பிலிப்பீன்ஸ் விழுந்தது. ஒரு துப்பாக்கியால் மட்டும் போரின் போக்கு மாறிவிடாது. ஆனால் போர் முடிவதற்குள் 40 லட்சம் எம்1 துப்பாக்கிகள் தயாராகியிருந்தன.

இன்றும் உறை பேசுகிறது

பழைய எம்1களைப் பராமரிப்பவர்கள் கோளாறு வந்தால் முதலில் தரையைத்தான் பார்ப்பார்கள். உறையின் வாய் மட்டும் லேசாக நசுங்கியிருந்தால் பயமில்லை, வெளியே தெறிக்கும்போது தண்டின் கைப்பிடியில் பட்டிருக்கும். எம்1இன் குணமே அது. விளிம்பு வளைந்தோ கிழிந்தோ இருந்தால்தான் விஷயம் வேறு. அறையில் அழுக்கோ துருவோ இருக்கலாம். இல்லாவிட்டால் தோட்டாவின் மருந்து மெதுவாக எரியும் வகையாக இருக்கும். அப்படி எரிந்தால் வாயுத்துளைக்கு வரும்போதும் அழுத்தம் அதிகமாகவே இருக்கும், தண்டு வேகமாகப் பின்னால் பாயும். அந்த நீண்ட தண்டே வளைந்துபோன கதைகளும் உண்டு. கொக்கியைத் திரும்பத் திரும்ப மாற்றுவதால் பலனில்லை. முதலில் அறையைச் சுத்தம் செய்து, சரியான தோட்டாவைப் போட்டுப் பார்க்கணும்.

இவ்வளவுக்கும் கேரண்ட் எவ்வளவு சம்பாதித்தார்? 1936இல் தன் காப்புரிமைகளை அரசாங்கத்துக்கே கொடுத்துவிட்டார். துப்பாக்கிக்கு இவ்வளவு என்று பங்கு எதுவும் வாங்கவில்லை, மாதச் சம்பளம்தான். அவருக்கு 100,000 டாலர் வழங்க நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா வந்தது. நிறைவேறவில்லை. பதக்கங்கள் கிடைத்தன. 1953இல் ஓய்வு பெற்றார்.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பலரும் இன்று 'கராண்ட்' என்று இரண்டாவது அசையை அழுத்திச் சொல்கிறார்கள். முதல் அசையை அழுத்திக் 'கேரண்ட்' என்பதே சரி.

ஓய்வுக்குப் பிறகும் அவர் ஸ்பிரிங்ஃபீல்டை விட்டுப் போகவில்லை. அவர் வேலை பார்த்த தொழிற்சாலை 1968இல் மூடப்பட்டபோது அதே ஊரில் இருந்தார். 1974 பிப்ரவரியில், 86 வயதில் அங்கேயே காலமானார். தொழிற்சாலை இப்போது அரும்பொருளகம். அவருடைய துப்பாக்கிகள் அங்கே கண்ணாடிக்குப் பின்னால் இருக்கின்றன.