பட்டறையே பள்ளி

நுழையும்முன்

கற்கும் வழி ஒன்றன்று. நூலின்வழிக் கற்போர் உளர். ஆசிரியரின் சொல்கேட்டுக் கற்போர் உளர். கையால் தொட்டும் பிரித்தும் மீண்டும் பொருத்தியும் கற்போரும் உளர். தொடக்கக் கல்வியைத் தாண்டாத சிற்றூர்ச் சிறுவர் ஒருவர், மூன்றாம் வழியிலே கற்று உயர்ந்தார். பின்னாளில் பொறியியற் கல்லூரி ஒன்றின் முதல்வராகவும் அமர்ந்தார். அவ்விருக்கையைத் தம் கொள்கைக்காகத் துறக்கவும் செய்தார். அவர்தம் வாழ்வை இப்பாடத்தில் காண்போம்.

கலங்கல் தந்த சிறுவர்

கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில், வேளாண்மை செய்து வாழ்ந்த குடும்பத்தில் 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் ஜி.டி. நாயுடு பிறந்தார். கோபால்சாமி துரைசாமி நாயுடு என்பது அவரது முழுப்பெயர். இளமையிலேயே தாயை இழந்த அவருக்குப் பள்ளியில் நாட்டம் செல்லவில்லை. ஒரே இடத்தில் அமர்ந்து ஒப்பிக்கும் முறை அவருக்கு உவப்பாக இல்லை. பள்ளியை விட்டாரேயன்றிப் படிப்பை அவர் விடவில்லை. கழனியில் தந்தைக்குத் துணைநின்ற வேளையிலும் கைக்குக் கிடைத்த தமிழ் நூல்களை வாசித்தார். எதைக் கண்டாலும் அது எவ்வாறு இயங்குகிறது என்று அறிய முனையும் இயல்பு அவருடன் வளர்ந்தது.

சாலையிற் கண்ட விந்தை

மாட்டுவண்டியும் குதிரைவண்டியுமே சாலைகளில் ஓடிய காலம் அது. வருவாய்த்துறையில் பணியாற்றிய லங்காஷயர் என்னும் ஆங்கிலேய அலுவலர் ஒருவர் ரட்ஜ் நிறுவனத்தின் மோட்டார் சைக்கிளில் அவ்வழியே வந்தார். மாடும் இன்றி, குதிரையும் இன்றித் தானே ஓடிய அவ்வண்டி நாயுடுவின் நெஞ்சில் நீங்காத வினாவாக நின்றது. அதை விலைகொடுத்து வாங்கவேண்டும் என்று அவர் உறுதிகொண்டார்.

கையில் பொருள் இல்லை. ஊரை விட்டுக் கோவைக்கு வந்தார். உணவகத்தில் பரிமாறும் பணியில் சேர்ந்தார். கிடைத்த பிற வேலைகளையும் செய்தார். நாள்தோறும் சிறுகச்சிறுகச் சேர்த்து 300 ரூபாய் திரண்டதும் அந்த மோட்டார் சைக்கிளை வாங்கினார். வாங்கியவர் முதலில் செய்தது என்ன தெரியுமா? ஊரார் காண ஓட்டி மகிழ்ந்தாரல்லர். அதனை முழுவதுமாகப் பிரித்தார். ஒவ்வோர் உறுப்பும் எதனோடு இணைந்துள்ளது, எதற்காக உள்ளது என்று நோக்கினார். பின்னர் மீண்டும் பொருத்தினார். ஆண்டுக்கணக்கில் உழைத்துச் சேர்த்த பொருள் முழுவதும் தம்முன் துண்டுதுண்டாகக் கிடந்த அந்த வேளையில், பொருத்துதல் தவறியிருந்தால் அவ்வுழைப்பு அனைத்தும் வீணாகியிருக்கும். அந்த இடரை அறிந்தே அவர் கற்றார். அவ்வாறு கற்றவரே வண்டிகளைப் பழுதுநீக்கும் மெக்கானிக்காகவும் ஆனார்.

பொறியின் நோயறிதல்

பழுதுநீக்குதல் என்பது திருகாணியைக் கழற்றி மாட்டுவதன்று. அது நோயறியும் கலை. நோய் எது, அதன் காரணம் எது என்று அறிந்த பின்னரே மருந்தை நாடவேண்டும் என வள்ளுவர் மருத்துவர்க்கு வகுத்த நெறி, பொறிகளைப் பேணுவோர்க்கும் பொருந்தும்.

பெட்ரோல் எஞ்சினில் நான்கு செயல்கள் முறையாக நிகழ்கின்றன. காற்றும் எரிபொருளும் கலந்த கலவை உருளைக்குள் இழுக்கப்படுகிறது. பிஸ்டன் அதனை அழுத்துகிறது. ஸ்பார்க் பிளக் தரும் பொறியால் கலவை எரிந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. எரிந்த புகை வெளியேறுகிறது. எஞ்சின் இயங்க மறுத்தால் தேர்ந்த மெக்கானிக் மூன்று வினாக்களை எழுப்புவார். எரிபொருள் வருகிறதா? பொறி பிறக்கிறதா? அழுத்தம் போதுமா? இம்மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக ஆராய்ந்தால் பழுது ஒளிந்திருக்கும் இடம் புலப்படும்.

கழற்றிய ஸ்பார்க் பிளக்கே பல செய்திகளைச் சொல்லும். அதன் முனையில் உலர்ந்த கரி படிந்திருந்தால் எரிபொருள் மிகுந்த கலவை செல்கிறது எனலாம்; எண்ணெய்ப் பசையோடு இருந்தால் உருளைக்குள் எண்ணெய் கசிகிறது எனலாம்; வெளிறிப் போயிருந்தால் வெப்பம் மிகுந்துள்ளது எனலாம். கண்ணால் நிறத்தையும், காதால் ஒலியையும், கையால் அதிர்வையும் உணர்ந்து காரணத்தை அடைதலே இக்கலையின் உயிர். இதனைக் கரும்பலகையில் எழுதிக்காட்டலாம், ஆயின் கைவராது. நாயுடு தம் முதல் வண்டியிலேயே உணர்ந்துகொண்ட உண்மை இதுவாகும்.

பொள்ளாச்சியிலிருந்து பழனிக்கு

இடையில் பருத்தித் தொழிலில் ஈடுபட்டுப் பொருளீட்டிய நாயுடு, மும்பைப் பருத்தி வணிகத்தில் அதனை இழந்தார். இழப்பால் அவர் சோர்ந்துவிடவில்லை. 1920ஆம் ஆண்டில் ஒரே ஒரு பேருந்துடன் போக்குவரத்துத் தொழிலைத் தொடங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே, 60 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழியில் அப்பேருந்து ஓடியது.

இன்றுள்ளதுபோல் வழிநெடுகப் பணிமனைகள் இல்லாத காலம். நடுவழியில் வண்டி நின்றுவிட்டால் பயணிகளும் நிற்கவேண்டியதுதான். ஆகவே, பழுது ஏற்பட்ட பின் நீக்குவதைவிடப் பழுது ஏற்படுமுன் அறிவதே பேருந்துத் தொழிலின் அடிப்படை. எஞ்சினின் அதிர்வை ஆராய்ந்தறியும் கருவி ஒன்றையும் அவர் உருவாக்கினார். யு.எம்.எஸ். எனப்பட்ட யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், சில ஆண்டுகளிலேயே நேரந்தவறாமைக்கும் ஒழுங்கிற்கும் பெயர்பெற்ற பெருநிறுவனமாக வளர்ந்தது.

1937ஆம் ஆண்டில் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் இணைந்து இந்தியாவிலேயே உருவாக்கப்பட்ட முதல் மின்மோட்டாரை வெளிக்கொணர்ந்தார். கோவை மாநகரம் பின்னாளில் மோட்டார், பம்புசெட்டு உற்பத்தியில் நாடறிந்த நகரமாக உயர்ந்ததற்கு அம்முயற்சி வித்தாக அமைந்தது.

கோவையில் ஒரு தொழிற்கல்லூரி

தாம் கற்ற வழியில் இளைஞர் பலரும் கற்கவேண்டும் என்று நாயுடு விரும்பினார். சென்னை மாகாணத்தில் பொறியியல் கற்பிக்கும் நிறுவனங்கள் விரல்விட்டு எண்ணத்தக்க அளவிலேயே இருந்தன. கொங்கு நாட்டு உழவர்வீட்டு மாணவர் ஒருவர் கிண்டி பொறியியற் கல்லூரியை எட்டிப்பிடித்தல் எளிதன்று. இந்நிலையில், இரண்டாம் உலகப்போர் முடிவுற்ற 1945ஆம் ஆண்டில், நாயுடுவின் கொடையாலும் முயற்சியாலும் கோவையில் தொழில்நுட்பப் பயிலகமும் பொறியியற் கல்லூரியும் தோன்றின. அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயர் அவற்றிற்குச் சூட்டப்பட்டது. கல்லூரியின் முதல்வர் பொறுப்பை நாயுடு ஏற்றார். பட்டம் எதுவும் பெறாத ஒருவர், பட்டம் வழங்கும் கல்லூரிக்குத் தலைமை ஏற்ற அந்நிகழ்வு தமிழகக் கல்வி வரலாற்றில் அரியதொன்று.

ஈராண்டா, நான்காண்டா?

முதல்வராக அமர்ந்த நாயுடு பாடத்திட்டத்தை நோக்கினார். பொறியியல் கற்க நான்கு ஆண்டுகள் என்று வகுக்கப்பட்டிருந்தது. இது காலத்தை வீணாக்கும் ஏற்பாடு என்பது அவர் கருத்து. தேவையற்றதை நீக்கி, செய்முறைக்கு முதலிடம் தந்து, நாள்முழுதும் மாணவரை ஈடுபடுத்தினால் ஈராண்டே போதும் என்று அவர் வாதிட்டார். அன்றைய ஆங்கில அரசு அதனை ஏற்கவில்லை. கருத்தை விட்டுக்கொடுத்துப் பதவியில் தொடரலாம். அல்லது பதவியை விட்டுக் கருத்தில் நிலைக்கலாம். தாமே முயன்று உருவாக்கிய கல்லூரியின் முதல்வர் பொறுப்பிலிருந்து நாயுடு விலகினார்.

இவ்விடத்தில் நாம் சற்றே நின்று எண்ணவேண்டும். யார் கூறியது சரி? அரசின் பக்கத்திலும் காரணம் இல்லாமலில்லை. பாலம் கட்டுவோரும், மின்நிலையம் அமைப்போரும் கணிதத்தையும் அறிவியலையும் ஆழ்ந்து கற்கவேண்டியவர்கள். பிழைபட்ட பொறியைப் பிரித்து மீண்டும் பொருத்தலாம். பிழைபட்ட அணையை அவ்வாறு பிரித்துப் பொருத்த இயலாது. அத்தகைய கல்வி நிதானமாகவே முதிரும். மறுபுறம், கருவியைத் தொடாமலே கருவியைப் பற்றித் தேர்வெழுதி வெளியேறும் மாணவரால் நாட்டிற்குப் பயன் என்ன என்னும் நாயுடுவின் வினாவும் நியாயமானதே. குடும்பத்தின் சேமிப்பைச் செலவிட்டுப் படிக்கும் இளைஞருக்கு ஒவ்வோர் ஆண்டும் விலைமதிப்புடையது என்பதைப் பட்டறிவால் உணர்ந்தவர் அவர்.

காலம் இரு தரப்பிற்கும் இடமளித்தது. பொறியியற் பட்டப்படிப்பு இன்றும் நான்கு ஆண்டுகளே. பல்தொழில்நுட்பப் பயிலகங்களில் பட்டயப் படிப்பு மூன்று ஆண்டுகள். தொழிற்பயிற்சி நிலையங்களிலோ மோட்டார் வாகன மெக்கானிக் பயிற்சி, நாயுடு விரும்பிய ஈராண்டு அளவிலேயே, செய்முறையை முதன்மையாகக் கொண்டு நடைபெறுகிறது.

இன்றைய வாகனங்களில் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி இடம்பெற்றுள்ளது. ஸ்கேனர் கருவியை இணைத்ததும் பழுதுக்குரிய குறியீடு திரையில் தோன்றுகிறது. ஆயினும் ஓர் உருளையில் எரிதல் சரியாக நிகழவில்லை என்று கருவி காட்டலாமேயன்றி, அதற்குக் காரணம் ஸ்பார்க் பிளக்கா, மின்சுருளா, எரிபொருள் தெளிப்பானா, தேய்ந்த வால்வா என்று ஆராய்ந்து முடிவுசெய்பவர் மனிதரே. அன்று கேட்ட மூன்று வினாக்களை இன்றும் கேட்டாகவேண்டும். கருவிகள் மாறினும் நோயறியும் முறை மாறவில்லை.

ஆக்கமும் தடையும்

நாயுடுவின் ஆர்வம் மோட்டாரோடு நின்றுவிடவில்லை. உலர்மின்கலத்தால் இயங்கும் ரசந்த் என்னும் சவரக்கருவி, மிக மெல்லிய சவர அலகு, மண்ணெண்ணெயால் இயங்கும் விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, வாக்குப்பதிவுக் கருவி எனப் பலவற்றை உருவாக்கினார். 1941ஆம் ஆண்டில் ஐந்து வால்வு வானொலிப்பெட்டியை 70 ரூபாய்க்குத் தரமுடியும் என்று காட்டினார். வேளாண்மையிலும் ஆய்வுசெய்து புதுவகைப் பருத்தியை வளர்த்தார். வெளிநாடுகளுக்குச் சென்று அங்குள்ள தொழிற்கூடங்களைக் கண்டறிந்தார்.

1952ஆம் ஆண்டில் இருவர் செல்லத்தக்க பெட்ரோல் மகிழுந்து ஒன்றை 2,000 ரூபாய் விலையில் வழங்க முன்வந்தார். அதனை உற்பத்தி செய்ய அரசின் உரிமம் கிடைக்காமையால் அம்முயற்சி நின்றது. எளியவரும் வாங்கத்தக்க மகிழுந்து கோவையிலிருந்து புறப்படும் வாய்ப்பு அன்று நழுவியது. ஆக்கும் திறனும் அதனை ஏற்கும் சூழலும் ஒருங்கே அமைந்தால்தான் புதுமை மக்களைச் சென்றடையும் என்பதற்கு இந்நிகழ்வு சான்றாகும்.

நிலைத்த பெயர்

1974ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் நாயுடு மறைந்தார். அவர் தொடங்கிய பொறியியற் கல்லூரி பின்னர்த் தடாகம் சாலைக்கு இடம்பெயர்ந்து, இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி என்னும் பெயரில் சிறந்து விளங்குகிறது. அவிநாசி சாலையில் கல்லூரி முதலில் அமைந்த பகுதியை மக்கள் இன்றும் ஹோப் காலேஜ் என்றே அழைக்கின்றனர். பேருந்து நடத்துநர் நாள்தோறும் பலமுறை உரக்கச்சொல்லும் அப்பெயருக்குப் பின்னால், உணவகத்தில் பரிமாறிப் பொருள்சேர்த்த ஓர் இளைஞரின் கனவு இருப்பதைப் பலர் அறியார்.

மேல்நிலைக் கல்வியை முடித்தபின் நீங்கள் கல்லூரிக்குச் செல்லலாம், பயிலகத்திற்குச் செல்லலாம், தொழிற்பயிற்சி நிலையத்திற்கும் செல்லலாம். இவற்றுள் உயர்ந்தது, தாழ்ந்தது என்று ஒன்றில்லை. எங்குச் சென்றாலும் கற்ற ஒன்றை உங்கள் கையால் ஒருமுறை செய்துபாருங்கள். பொருத்தத் தெரிந்த பின்னரே ஒரு பொருளை அறிந்தோம் எனலாம். நாயுடுவின் வாழ்வு நமக்கு விட்டுச்சென்றுள்ள பாடம் இதுவே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் உள்ள வாகனப் பட்டறைக்குச் சென்று, மெக்கானிக் ஒருவர் பழுதைக் கண்டறியும் முறையைப் படிநிலைகளாக எழுதிவருக.

2. ‘தொழிற்கல்விக்கு ஈராண்டு போதும்’ - ‘நான்காண்டு தேவை’ என்னும் தலைப்புகளில் வகுப்பில் இரு அணிகளாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.

3. வாகன உறுப்புகளுக்குப் பட்டறைகளில் வழங்கும் பெயர்களைத் தொகுத்து, அவற்றுக்கு நிகரான தமிழ்ச்சொற்களை ஆசிரியரின் துணையுடன் பட்டியலிடுக.