லூயி எலியாஸ்பெர்க்

லூயி எட்வர்டு எலியாஸ்பெர்க் (பெப்ரவரி 12, 1896 – பெப்ரவரி 20, 1976) ஐக்கிய அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில் வாழ்ந்த நிதித் தொழிலதிபரும் நாணயச் சேகரிப்பாளரும் ஆவார். அமெரிக்கப் புழக்க நாணயங்களில் அன்று அறியப்பட்டிருந்த ஒவ்வோர் ஆண்டுக்கும், ஒவ்வோர் அக்கசாலைக்கும் உரிய நாணயத்தைச் சேர்த்து முடித்த ஒரே தனிமனிதர் இவரே எனக் கருதப்படுகிறது. அரிய தங்க நாணயங்களின் மெய்ம்மையை ஆராய்வோருக்கு இவரது சேகரிப்பு இன்றும் முக்கியமான சான்றாக விளங்குகிறது.

வாழ்க்கை

எலியாஸ்பெர்க் அலபாமா மாநிலத்தின் செல்மா நகரில் பிறந்தார். பின்னர் பால்ட்டிமோரில் நிதி நிறுவனம் ஒன்றை நடத்திப் பொருளீட்டினார். 1925இல் நாணயங்களைச் சேர்க்கத் தொடங்கினார்.

தங்கத் தடை

பொருளாதாரப் பெருமந்தத்தின்போது, 1933 ஏப்ரல் 5 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூசவெல்ட் பிறப்பித்த ஆணை, பொதுமக்கள் தங்களிடமிருந்த தங்கத்தை ஒப்படைக்கும்படி கட்டளையிட்டது. ஒப்படைக்கப்பட்ட தங்க நாணயங்களில் பெரும்பகுதி உருக்கிக் கட்டிகளாக வார்க்கப்பட்டது. எனினும் சேகரிப்பாளர்களிடையே தனி மதிப்புடைய அரிய நாணயங்களுக்கு ஆணையில் விலக்கு இருந்தது. சட்டத்திற்கு உட்பட்டுத் தங்கத்தை வைத்திருக்க இது வழியாகும் என்பதை உணர்ந்த எலியாஸ்பெர்க், தங்க நாணயங்களில் கவனம் செலுத்தினார்.

சட்டத்தின் எல்லையை அவர் மீறவில்லை. 1933இல் அச்சிடப்பட்டு முறைப்படி வெளியிடப்படாத 20 டாலர் நாணயம் ஒன்று அவரிடம் இருந்தது. அவ்வகை நாணயங்களை அரசு திருட்டுச் சொத்தாகக் கருதிக் கைப்பற்றிய நிலையில், அவர் தம்முடையதைத் தாமாகவே அரசிடம் ஒப்படைத்தார்.

கிளாப் சேகரிப்பு

1942இல் ஜான் கிளாப் குடும்பத்தின் சேகரிப்பை எலியாஸ்பெர்க் 1,00,000 டாலருக்கு மொத்தமாக வாங்கினார். தந்தையான மூத்த கிளாப், 1890களில் தொடங்கி ஆண்டுதோறும் அக்கசாலைகளிலிருந்தே புதிய நாணயங்களை நேரடியாகப் பெற்று வந்தவர். இதனால் அவற்றின் பிறப்பிடம் ஐயத்திற்கு இடமின்றித் தெரிந்திருந்தது.

விடுபட்டிருந்தவற்றை எலியாஸ்பெர்க் ஒவ்வொன்றாகத் தேடி வாங்கினார். 1950 நவம்பரில் கார்சன் சிட்டி அக்கசாலையின் 1873ஆம் ஆண்டுப் பத்து சென்ட் வெள்ளி நாணயத்தைப் பெற்றதுடன் சேகரிப்பு முழுமை பெற்றது. அம்பு அடையாளம் இல்லாத அவ்வகையில் 12,400 அச்சிடப்பட்டும், இன்று ஒன்றே எஞ்சியுள்ளது. 1953இல் லைஃப் இதழ் இச்சேகரிப்பைப் படங்களுடன் வெளியிட்டது.

முக்கிய தங்க நாணயங்கள்

1822ஆம் ஆண்டு 5 டாலர்: 17,796 அச்சிடப்பட்டன. இன்று அறியப்பட்டவை மூன்று மட்டுமே. அவற்றுள் இரண்டு ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் உள்ளன. மூன்றாவதை எலியாஸ்பெர்க் 1945இல் பெற்றார்.

1870ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ 3 டாலர்: சேகரிப்பாளர் கைக்கு வந்தது இது ஒன்றே. இதன் பின்புறத்தில் 893 என்னும் எண் கீறப்பட்டுள்ளது.

1854ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ 5 டாலர்: புதிதாகத் திறக்கப்பட்ட அக்கசாலையில் 268 மட்டுமே அச்சிடப்பட்டன.

மெய்ம்மை ஆய்வில் பங்கு

ஒரே ஆண்டின் நாணயங்களுள் எது அரியது என்பதை, அச்சிட்ட இடத்தைக் காட்டும் சிறிய எழுத்தே பல வேளைகளில் தீர்மானிக்கிறது. எனவே பொதுவான நாணயத்தில் அவ்வெழுத்தை ஒட்ட வைத்து ஏமாற்றுவதும் உண்டு. எடையும் (1854ஆம் ஆண்டு 5 டாலருக்கு ஏறத்தாழ 8.36 கிராம்) 90 விழுக்காட்டுத் தங்க அளவும் சரியாக இருந்தாலும் இம்மோசடி புலப்படாது. மெய்யான நாணயத்துடன் அச்சு நுணுக்கங்களை ஒப்பிடுவதே உறுதியான வழி. கைமாறிய வரலாறு தெளிவாகத் தெரிந்த நாணயங்களே அவ்வொப்பீட்டுக்கு அளவுகோலாகின்றன. வணிகர்கள் போலியென ஒதுக்கிய 1854ஆம் ஆண்டு 5 டாலர் ஒன்று, ஸ்மித்சோனியன் நாணயத்தின் படங்களுடன் ஒப்பிடப்பட்டு 2018இல் மெய்யானது என உறுதி செய்யப்பட்டது. அறியப்பட்டவற்றில் அது நான்காவதாகும்.

மறைவுக்குப் பின்

எலியாஸ்பெர்க் 1976இல் காலமானார். சேகரிப்பு அவருடைய இரு மகன்களுக்கிடையே பிரிக்கப்பட்டது. தங்க நாணயங்கள் 1982 அக்டோபரில் ஏலத்தில் ஏறத்தாழ 1 கோடியே 24 இலட்சம் டாலருக்கு விற்கப்பட்டன. 1822ஆம் ஆண்டு 5 டாலரும் 1870ஆம் ஆண்டு 3 டாலரும் தலா 6,87,500 டாலர் பெற்றன. பிற உலோக நாணயங்கள் 1996, 1997ஆம் ஆண்டுகளில் விற்கப்பட்டன. அவற்றுள் 1913ஆம் ஆண்டு ஐந்து சென்ட் நாணயம் 14,85,000 டாலர் பெற்று, ஏலத்தில் பத்து இலட்சம் டாலரைக் கடந்த முதல் நாணயமானது. 2021இல் 1822ஆம் ஆண்டு 5 டாலர் மீண்டும் ஏலத்திற்கு வந்து 84 இலட்சம் டாலருக்கு விற்பனையானது. சேகரிப்பு சிதறிவிட்ட போதிலும், அதிலிருந்த நாணயங்கள் ஏலப் பட்டியல்களில் இன்றும் எலியாஸ்பெர்க்கின் பெயராலேயே அடையாளம் காட்டப்படுகின்றன.